அப்கிரேடு பாதியில் கேட்கிற கேள்விகள்: லினக்ஸில் எதை மாற்றலாம்?

#1 திரைமுனை

டெபியன் 13 (லினக்ஸின் ஒரு டிஸ்ட்ரோ, அதாவது விநியோகத் தொகுப்பு) 2025 ஆகஸ்டில் வந்தது, கூடவே அதில் பேக்கேஜ்களை (மென்பொருள் பொதிகளை) போட்டு நீக்கும் ஆப்ட் என்ற கருவியின் 3.0 பதிப்பும் வந்தது. போடப்போவது பச்சையில், நீக்கப்போவது சிவப்பில், பெயர்கள் எல்லாம் நெடுவரிசையில். நல்ல மாற்றம்தான். முன்பு பேக்கேஜ் பெயர்கள் ஒரே கொத்தாக ஓடும், நீக்கப்படுகிற ஒன்று அதற்குள் எங்கேயோ ஒளிந்து கிடக்கும்.

ஆனால் நான் பார்த்துக்கொள்ளும் மெஷின்களில் (ஒரு தையல்கடை, ஒரு ஆடிட்டர் ஆபீஸ், பெரியப்பா வீடு) வண்ணம் இல்லையே என்று யாரும் திணறியதில்லை. அப்கிரேடு பாதி ஓடும்போது திரை நின்று ஒரு கேள்வி கேட்கும். இந்த கன்ஃபிக் ஃபைலை (அமைப்புகள் எழுதிய ஃபைல்) நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், பேக்கேஜ் செய்தவரும் புதிதாக ஒன்று அனுப்பியிருக்கிறார், எது வேண்டும்? ஒய், என், டி, இசட், ஏதாவது ஒன்றை அழுத்து. பெரியப்பாவுக்கு அப்படி ஒரு ஃபைல் இருப்பதே தெரியாது. நான் போன் எடுக்கும் வரை திரை அப்படியே நிற்கும். சில சமயம் அவரே லேப்டாப்பை மூடி வைத்துவிடுவார்.

2021 நவம்பரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற டிஸ்ட்ரோவில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளைப் போடப்போனார். களஞ்சியத்தில் (பேக்கேஜ்கள் இறங்கும் சர்வரில்) இருந்த பதிப்புக் குளறுபடியால் ஸ்டீமைப் போட டெஸ்க்டாப்பையே கழற்ற வேண்டும் என்று ஆப்ட் கணக்குப் போட்டது. முதலில் மென்பொருள் கடை ஜன்னல் மறுத்தது, அவர் டெர்மினலுக்குப் போனார். அங்கே ஆபத்து என்று எச்சரித்து, 'ஆமாம், சொன்னபடி செய்' என்ற அர்த்தத்தில் ஒரு முழு வாக்கியத்தையே டைப் அடிக்கச் சொன்னது. அடித்தார். டெஸ்க்டாப் போயே போச்சு.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. இருந்தும் பயன்படவில்லை. அதே மாதம் வந்த ஆப்ட் 2.3.12-ல் அவர்கள் எச்சரிக்கையை இன்னும் பெரிய எழுத்தில் போடவில்லை. சார்புகளை (எந்தப் பேக்கேஜுக்கு எது தேவை என்ற கணக்கை) தீர்க்கும்போது அத்தியாவசியப் பேக்கேஜ்களை நீக்குவதை ஒரு வழியாக எடுத்துக்கொள்வதையே நிறுத்தினார்கள். என் வாதமும் அதுதான்: பதில் தெரியாத ஆளிடம் கேட்காதே, தப்பாகப் போனால் திரும்பி வர வழி வை. இந்த இரண்டில் உங்கள் டிஸ்ட்ரோ எங்கே நிற்கிறது?


#2 சேவல்கொடி

ஒத்துக்கொள்ள முடியவில்லை நண்பரே. அந்தக் கேள்வி சும்மா வருவதில்லை. நான் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழையும் வழி) கன்ஃபிக்கில் பாஸ்வேர்டு லாகினை மூடி வைத்திருக்கிறேன். அப்கிரேடு வந்து கேட்காமல் கொள்ளாமல் தன் ஃபைலைப் போட்டால் நான் பூட்டிய கதவைத் திறந்த மாதிரி ஆகிவிடும். கேட்காமல் என் பழைய ஃபைலையே விட்டாலும் சிக்கல்தான். புதிய பதிப்பில் அந்த ஆப்ஷனின் பெயரே மாறியிருந்தால் சர்வீஸ் எழும்பாது.

ஆர்பிஎம் பக்கம் (ஃபெடோரா, சென்ட்ஓஎஸ் போன்ற டிஸ்ட்ரோக்களின் பேக்கேஜ் முறை) கேட்பதே இல்லை, தெரியுமா? உங்கள் ஃபைலைத் தொடாமல் விட்டு, புதியதை ஆர்பிஎம்நியூ என்ற வாலோடு பக்கத்தில் போட்டுவிடும். சில ஃபைல்களுக்குத் தலைகீழ்: உங்களுடையதை ஆர்பிஎம்சேவ் என்று ஒதுக்கிவிட்டுப் புதியதை வைக்கும். நான் எடுத்து நடத்திய ஒரு பழைய சென்ட்ஓஎஸ் சர்வரில் இந்த வால் ஃபைல்கள் வருஷக்கணக்கில் சேர்ந்து கிடந்தன. யாரும் திறந்தே பார்க்கவில்லை. கேள்வியே இல்லாத அப்கிரேடு என்றால் இதுதான் கதி.

கேட்கிற நேரம் மோசம் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.


#3 ஆர்ச்_பைத்தியம்

எங்க ஊர்ல (ஆர்ச் டிஸ்ட்ரோவுல) அந்த வால் பேக்நியூ. பேக்டிஃப் கருவியை ஓட்டினா வரிசையா காட்டும், ஒப்பிட்டு முடிச்சுக்கலாம். யாரும் ஓட்ட மாட்டாங்க என்பது வேற விஷயம் :)

எங்ககிட்ட அப்கிரேடு செய்யறதுக்கு முன்னாடி முகப்புப் பக்கத்துல செய்தி படிச்சுட்டு வான்னு சொல்லுவாங்க. கேள்வியை மெஷின் கேக்காது, நாமதான் போய்த் தெரிஞ்சுக்கணும். திரைமுனையோட பெரியப்பாவுக்கு ஆர்ச் போட்டுக் கொடுக்கலாமா?


#4 திரைமுனை

பெரியப்பாவை விட்டுடுங்க பாவம்.


#5 புதுமுகம்_க

நான் உபுண்டு 22.04 வைத்திருக்கிறேன், புதிது. தலைப்புக்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. அப்கிரேடு கொடுக்கும்போது சில பேக்கேஜ்கள் "நிறுத்திவைக்கப்பட்டன" என்று ஒரு வரி வருகிறது. மறுநாள் கொடுத்தாலும் அதே வரி. தேடினால் ஒருவர் ஃபுல்-அப்கிரேடு கொடு என்கிறார், இன்னொருவர் அந்தப் பேக்கேஜ் பெயரைச் சொல்லி இன்ஸ்டால் கொடு என்கிறார், மூன்றாமவர் ஒன்றும் செய்யாதே என்கிறார். யார் சொல்வது சரி?


#6 பொதிமகள்

சம்பந்தம் இருக்கிறது. திரைமுனை சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அந்த ஒரே வரி இரண்டு வேறு வேறு காரணங்களுக்கு வரும். முதல் காரணம் பழையது. புதிய பதிப்புக்கு இருக்கிற ஏதோ ஒரு பேக்கேஜை நீக்க வேண்டியிருந்தால் சாதாரண அப்கிரேடு அதைத் தொடாது. ஆப்ட் அப்கிரேடு புதிய பேக்கேஜ்களைச் சேர்க்கும், ஆனால் எதையும் நீக்காது. பழைய ஆப்ட்-கெட் அப்கிரேடு புதிதாகச் சேர்க்கவும் செய்யாது. அந்த இடத்தில்தான் ஃபுல்-அப்கிரேடு தேவைப்படும். அது நீக்கவும் செய்யும், அதனால் பட்டியலைப் படித்துவிட்டு ஒய் அழுத்துங்கள்.

இரண்டாவது காரணம் உபுண்டுவின் படிப்படி வெளியீடு. ஒரு அப்டேட்டை எல்லாருக்கும் ஒரே நாளில் தரமாட்டார்கள். முதலில் 10 சதவீத மெஷின்களுக்கு, பிறகு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்னொரு 10 சதவீதம். எல்லாருக்கும் போய்ச்சேர 54 மணி நேரம் ஆகும். நடுவில் கிராஷ் அறிக்கைகள் குவிந்தால் வெளியீட்டை நிறுத்திவிடுவார்கள். உங்கள் மெஷின் எந்தப் பத்து சதவீதத்தில் விழும் என்பது மெஷின் ஐடியையும் பேக்கேஜ் பெயரையும் பதிப்பையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதனால் ஒரே ஆள் எப்போதும் பலியாடாக மாட்டார். முதலில் இது ஜன்னல் வடிவ அப்டேட் மேனேஜரில் மட்டும் இருந்தது, 21.04-லிருந்து ஆப்ட்டும் இதை மதிக்கிறது. பெரும்பாலோர் இதை 22.04-ல்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள், பார்த்துக் குழம்பினார்கள். உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் இதுதான். ஒன்றும் செய்யாதே என்றவர் சொன்னது சரி, ரெண்டு மூணு நாளில் தானாக வரும்.

இந்தத் திட்டத்தில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. இரண்டு காரணத்துக்கும் ஒரே வரியை வைத்ததுதான் தப்பு. பின்னால் வந்த ஆப்ட் பதிப்புகளில் "படிப்படி வெளியீட்டால் தள்ளிவைக்கப்பட்டது" என்று தனியாகவே காட்டுகிறார்கள். ஒரு வரியைப் பிரித்ததில் எத்தனை பேருடைய தேடல் மிச்சமாகியிருக்கும்!


#7 புதுமுகம்_க

நன்றி அக்கா, முழுசாகப் புரிந்தது. தொடாமல் விட்டுவிடுகிறேன்.


#8 லேப்_வாத்தியார்

எங்கள் கல்லூரி லேபில் இந்தப் பேச்சின் வேறொரு முகம் தெரியும்.

எங்களுக்கு முதல் எதிரி கரண்ட். அப்கிரேடு நடக்கும்போது கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கை கொடுக்காமல் போனால், அடுத்த தடவை ஆப்ட் எதைக் கொடுத்தாலும் "டிபிகேஜி பாதியில் நின்றது, நீங்களே இந்தக் கட்டளையைக் கொடுத்துச் சரிசெய்யுங்கள்" என்று சொல்லி நின்றுவிடும் (டிபிகேஜி என்பது ஆப்ட்டுக்கு அடியில் பேக்கேஜ்களைப் போடும் கருவி). கட்டளை என்னவென்று அதற்குத் தெரிகிறது, என்ன நடந்தது என்றும் தெரிகிறது. பிறகு அதுவே ஓட்டினால் என்ன? மாணவர்களிடம் விளக்கம் சொல்லும்போது இந்த இடத்தில் எனக்கே பதில் வராது.

அடுத்தது இணையம். நாற்பது மெஷினும் ஒரே லிப்ரெஆபிஸை நாற்பது தடவை இறக்கும். இதற்கு ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற சேமிப்பு சர்வரை வைத்தோம். ஒரு மெஷினில் அது 3142 என்ற போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். மற்றவை அதை ப்ராக்ஸியாக வைத்துக்கொள்ளும். முதல் மெஷின் கேட்கும்போது வெளியிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளும், மீதி மெஷின்களுக்கு உள்ளிருந்தே கொடுத்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: களஞ்சிய முகவரி ஹெச்டிடிபிஎஸ்ஸாக இருந்தால் அதனால் நடுவில் புகுந்து சேமிக்க முடியாது. சாதாரண ஹெச்டிடிபி முகவரியாக மாற்ற வேண்டும். பேக்கேஜ் பட்டியல் கையெழுத்திட்டு வருவதால் நடுவில் யாராவது மாற்றினால் ஆப்ட் கண்டுபிடித்துவிடும், அந்தப் பயம் வேண்டாம்.

ஃபெடோராவில் முன்பு டெல்டா ஆர்பிஎம் என்று ஒன்று இருந்தது. மாறிய பகுதியை மட்டும் இறக்கி, மீதியை மெஷினிலேயே கோர்த்துக்கொள்ளும். ஃபெடோரா 40-ல் கைவிட்டுவிட்டார்கள். போதுமான டெல்டாக்கள் களஞ்சியத்தில் இருப்பதில்லை, கிடைக்கிற மிச்சமும் குறைவு என்பது அவர்கள் சொன்ன காரணம். ஹாட்ஸ்பாட்டில் டேட்டா எண்ணி எண்ணிச் செலவழிக்கிற பையன்களுக்குக் கொஞ்சம் இழப்புதான். பயனருக்கு அப்கிரேடைச் சுலபமாக்குவது என்றால் எனக்கு முதலில் இந்த எம்பி கணக்குதான் ஞாபகம் வருகிறது. ஒய் அழுத்தும் முன் எத்தனை எம்பி என்று ஆப்ட் சொல்கிறதே, அதை எல்லா ஜன்னல் கருவிகளும் அவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதில்லை.


#9 சேவல்கொடி

வாத்தியார் சார், தானாக ஏன் ஓட்டவில்லை என்று கேட்டீர்கள். பாதியில் நின்றதற்குக் காரணம் கரண்டா, டிஸ்க் நிறைந்ததா, பேக்கேஜின் ஸ்கிரிப்டே விழுந்ததா என்று அதற்குத் தெரியாது. கரண்ட் போனதென்றால் மறுபடி ஓட்டினாலே சரியாகிவிடும். டிஸ்க் நிறைந்திருந்தால் மறுபடியும் அதே இடத்தில்தான் விழும். ஆனாலும் "ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டு ஒரு ஒய்க்குக் காத்திருக்கலாம். அதில் உங்கள் கட்சி.

இதே மாதிரி ஒன்றை அவர்கள் திருத்தியும் இருக்கிறார்கள். பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடும்போது நாம் ஆப்ட் கொடுத்தால் "பூட்டு கிடைக்கவில்லை" என்று முகத்தில் அடித்த மாதிரி வெளியேறும். ஜனங்கள் என்ன செய்வார்கள்? இணையத்தில் தேடி, பூட்டு ஃபைலையே அழிப்பார்கள். அதைவிட மோசமான ஆலோசனை கிடையாது, இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் ஓடி எல்லாம் நாறிவிடும். 2020-ல் வந்த ஆப்ட் 2.0-விலிருந்து அது பொறுமையாகக் காத்திருக்கிறது. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, அந்தப் பிரச்சினையே ஒழிந்தது. இந்த உதாரணம் திரைமுனைக்குச் சாதகம்தான், ஒத்துக்கொள்கிறேன்.


#10 நிலாவரை

யாழ்ப்பாணத்திலிருந்து. நான் ஓப்பன்சூசே டம்பிள்வீட் எண்ட டிஸ்ட்ரோ பாவிக்கிறன். உங்கட விவாதத்தில பாதி எனக்குத் தேவைப்படாமல் போனதற்குக் காரணம் ஸ்னாப்பர், ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தின் அந்த நேரத்து நிலையின் பிரதி) எடுக்கிற கருவி.

ரூட் (சிஸ்டம் இருக்கும் பகுதி) பிடிஆர்எஃப்எஸ் எண்ட ஃபைல்சிஸ்டத்தில இருக்கும். சிப்பர் (இங்க ஆப்ட் மாதிரியான கருவி) ஒவ்வொரு முறை ஓடும்போதும் முன்னால ஒரு ஸ்னாப்ஷாட், பின்னால ஒரு ஸ்னாப்ஷாட் தானாக எடுக்கும். ஒருக்கா அப்கிரேடுக்குப் பிறகு கிராபிக்ஸ் வராமல் கறுப்புத் திரை. கணனியை மறுபடி தொடக்கி, கிரப் எண்ட தொடக்க மெனுவில பழைய ஸ்னாப்ஷாட்டைத் தெரிவு செய்து உள்ளே வந்து, ரோல்பேக் குடுத்தன். தேத்தண்ணி ஆறமுதல் வேலை முடிஞ்சுது. அடுத்த கிழமை அப்கிரேடு செய்தபோது அந்தப் பிழை திருத்தப்பட்டிருந்தது.

2014-இல 13.2 பதிப்பு வந்ததிலிருந்தே ரூட்டுக்கு இது இயல்பாக வருகுது. பிறகு மற்ற டிஸ்ட்ரோக்கள் ஏன் இன்னும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கின்றன எண்டு எனக்கு விளங்கவில்லை. கேளாமல் செய்யுங்கோ, பிழைச்சால் பின்னால போகலாம்.


#11 திரைமுனை

நிலாவரை அண்ணா, இதைத்தான் எதிர்பார்த்தேன். ஃபெடோராவும் 33-லிருந்து டெஸ்க்டாப்புக்கு பிடிஆர்எஃப்எஸ்தான் இயல்பாக வைக்கிறது, ஆனால் ஸ்னாப்ஷாட்டை நாமாக அமைத்துக்கொள்ள வேண்டும். அஸ்திவாரம் போட்டுவிட்டு வீடு கட்டாமல் விட்டது மாதிரி. டெபியனிலும் உபுண்டுவிலும் இன்ஸ்டாலர் இயல்பாகக் கொடுப்பது எக்ஸ்ட்4 என்ற வேறு ஃபைல்சிஸ்டம்.

லினக்ஸ் மின்ட் டிஸ்ட்ரோகாரர்கள் வேறு வழியில் வந்தார்கள். முன்பு அப்டேட்டுகளுக்கு 1 முதல் 5 வரை ஆபத்து மதிப்பெண் போட்டு, கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) மாதிரியானவற்றைப் பயனர் தொடாமல் பார்த்துக்கொண்டார்கள். பாதுகாப்புத் திருத்தமும் அதில் மாட்டிக்கொள்ளும். 2018-ல் வந்த 19-ஆம் பதிப்பில் டைம்ஷிஃப்ட் என்ற பிரதி எடுக்கும் கருவியை நடுநாயகமாக வைத்து, பிரதி எடுத்துவை, பிறகு எல்லாவற்றையும் போடு என்று மாற்றினார்கள். எக்ஸ்ட்4-லும் ஓடும், ஆர்சிங்க் (ஃபைல்களை நகலெடுக்கும் கருவி) முறையில் பிரதி எடுக்கும். முதல் பிரதிக்கு நேரமும் இடமும் தின்னும், அவ்வளவுதான்.

அதன்பிறகும் ஜனங்கள் போடவில்லை. 2021 பிப்ரவரியில் மின்ட் குழுவே வருத்தத்தோடு எழுதியது: ஆதரவு 2019 ஏப்ரலில் முடிந்த 17-ஆம் வரிசையை இன்னும் கணிசமானோர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று. அதே வருஷம் வந்த 20.2-ல் நினைவூட்டல் சேர்த்தார்கள். அதில்தான் நுணுக்கம். ஒரு அப்டேட் வந்து, நீங்கள் மெஷினைப் பயன்படுத்திய நாள் ஏழு தாண்டினாலோ, நாட்காட்டிப்படி பதினைந்து நாள் தாண்டினாலோதான் அறிவிப்பு வரும். மாதத்தில் இரண்டு தடவை லேப்டாப் திறக்கிற பெரியப்பாவையும் தினமும் உட்காருகிற ஆளையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. இப்படி யோசித்து வடிவமைத்த அறிவிப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.


#12 சேவல்கொடி

ஸ்னாப்ஷாட் சர்வரோகநிவாரணி இல்லை. சர்வரில் டேட்டாபேஸ் இருக்கிறது. காலையில் அப்கிரேடு, மாலையில் பிழை தெரிகிறது. ரோல்பேக் கொடுத்தால் நடுவில் வந்த ஆர்டர்கள் என்ன ஆகும்?


#13 நிலாவரை

அதற்காகத்தான் வார் அடைவை (டேட்டாபேஸ் தரவு இருக்கிற இடம்) தனி சப்வால்யூமாக (ஃபைல்சிஸ்டத்தின் தனிப் பகுதியாக) வைச்சிருக்கினம், ஹோமும் அப்படித்தான். ரோல்பேக் அவற்றைத் தொடாது. ஆனால் புதிய பதிப்பு டேட்டாபேஸின் வடிவத்தையே மாற்றி எழுதியிருந்தால் பழைய புரோகிராமால அதை வாசிக்க ஏலாது. அது உண்மைதான், மறுக்கவில்லை.


#14 பொதிமகள்

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் விஷயத்தில் டெபியன் செய்வதைப் பார்த்தால் இதற்கு ஒரு நல்ல பதில் தெரியும். பெரிய பதிப்பு மாறும்போது பழைய சர்வரை நீக்காது, புதியதைப் பக்கத்தில் போடும். பழைய தரவு பழையதோடு அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் எப்போது தயாரோ அப்போது பிஜி-அப்கிரேடுகிளஸ்டர் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகும் பழைய கிளஸ்டரை (பழைய தரவுத் தொகுப்பை) நீங்களாக அழிக்கும் வரை அது இருக்கும். பேக்கேஜ் அப்கிரேடையும் தரவு மாற்றத்தையும் பிரித்தார்கள். எல்லாப் பேக்கேஜுக்கும் இப்படிச் செய்ய ஆள்பலம் கிடையாது என்பதும் உண்மை.

பின்னால் போவது பற்றி இன்னொன்று. ஃபெடோராவின் பேக்கேஜ் கருவியான டிஎன்எஃப்பில் ஹிஸ்டரி அண்டூ (செய்ததை மாற்றித் திரும்புவது) இருக்கிறது, கேட்க அருமையாக இருக்கும். ஆனால் ஃபெடோரா களஞ்சியத்தில் ஒரு பேக்கேஜுக்கு முதல் வெளியீட்டுப் பதிப்பும் ஆகக் கடைசிப் பதிப்பும்தான் இருக்கும். நேற்று உங்களிடம் இருந்த நடுப்பதிப்பு போயிருக்கும், அண்டூ கையை விரித்துவிடும். டெபியனிலோ பதிப்பு இறக்கத்துக்கு ஆதரவே இல்லை. பேக்கேஜ் ஸ்கிரிப்டுகள் பழையதிலிருந்து புதியதற்குப் போகத்தான் எழுதப்படுகின்றன, திரும்பி வருவதை யாரும் சோதிப்பதில்லை. பழைய பதிப்புகளை வைத்திருக்கும் ஸ்னாப்ஷாட் காப்பகம் ஒன்று டெபியனுக்கு உண்டு, அவசரத்துக்கு உதவும். அதனால் பின்னால் போக வேண்டுமானால் ஃபைல்சிஸ்டம் வழியாகப் போவதுதான் நம்பகமானது. அந்த வகையில் நிலாவரை சொல்வதே சரி.


#15 ஆர்ச்_பைத்தியம்

எல்லாரும் எப்படி வேகமா போடவைக்கறதுன்னே பேசறீங்க. மெதுவா போட்டவன் தப்பிச்ச கதை மறந்துடுச்சா? எக்ஸ்இசட் (ஃபைலைச் சுருக்கற மென்பொருள்).


#16 பொதிமகள்

அதை முழுசாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் தப்பான பாடமாகிவிடும்.

2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் இதை வெளியிட்டார். எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி போலத் தாமதமாகிறதே என்று நோண்டப்போய், எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) இருப்பதைக் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைக் கிளைகளான டெஸ்டிங், அன்ஸ்டேபிள், ஃபெடோராவின் சோதனைக் கிளையான ராஹைட், டம்பிள்வீட், ஆர்ச் எல்லாவற்றுக்கும் அந்தப் பதிப்பு போயிருந்தது. டெபியனின் நிலையான கிளையான ஸ்டேபிளுக்குப் போகவில்லை. ஆர்ச்சில் எஸ்எஸ்ஹெச் சர்வர் அந்த நூலகத்தோடு இணைக்கப்படாததால் அந்த வழி அங்கே வேலை செய்யாது.

ஸ்டேபிள்காரர்கள் அப்கிரேடைத் தள்ளிப்போட்டதால் தப்பிக்கவில்லை. அவர்கள் டிஸ்ட்ரோ புதிய பதிப்புகளை எடுப்பதில்லை, பழைய பதிப்பிலேயே பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் ஒட்டித் தருகிறது. அன்றைக்கு எல்லா அப்டேட்டையும் போட்டிருந்த ஸ்டேபிள் பயனருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆறு மாதமாக எதுவும் போடாத ஸ்டேபிள் பயனர் இதில் தப்பித்தார், ஆனால் அந்த ஆறு மாதத் திருத்தங்கள் எதுவும் அவரிடம் இல்லை.

அதனால்தான் உபுண்டுவில் 16.04-லிருந்து பாதுகாப்புத் திருத்தம் மட்டும் தானாகப் போகும்படி வைத்திருக்கிறார்கள். இதற்குப் பயனரிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. யாரும் புகார் செய்ததாகவும் பெரிதாகக் கேள்விப்பட்டதில்லை.


#17 ஆர்ச்_பைத்தியம்

சரி சரி, வாபஸ். ஆனா ஸ்னாப்ல (உபுண்டுவோட இன்னொரு பேக்கேஜ் முறை) "ஃபயர்ஃபாக்ஸை மூடு, இன்னும் 13 நாள்தான்"னு கெடு வைக்குதே, அதைப் பத்தி யாரும் புகார் செய்யலையா?


#18 மட்டுறுத்துநர்

ஸ்னாப் நல்லதா கெட்டதா என்று இங்கே ஆரம்பித்தால் பொங்கல் வரை போகும். அதற்கு ஏற்கெனவே தனி இழை இருக்கிறது. அப்கிரேடு அனுபவத்தோடு தொடர்புள்ளதை மட்டும் இங்கே எழுதுங்கள்.


#19 சேவல்கொடி

தொடர்பு இருக்கிறது சார், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் காலடியில் ஃபைலை மாற்றினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. டெப்பும் (டெபியன், உபுண்டுவின் பேக்கேஜ் வகை) ஆர்பிஎம்மும் மாற்றிவிடும். ஃபயர்ஃபாக்ஸ் புதிய டேப் திறக்கும்போது, மறுபடி தொடங்கு என்று நிற்கும். ஸ்னாப் கெடு வைத்துக் காத்திருக்கிறது. ஃபிளாட்பேக் (பல டிஸ்ட்ரோக்களிலும் ஓடும் பேக்கேஜ் முறை) புதியதைப் பக்கத்தில் வைக்கும், ஓடுவது பழையதிலேயே ஓடும், மூடித் திறந்தால் புதியது வரும். இந்த மூன்றில் ஃபிளாட்பேக்தான் யாரையும் தொந்தரவு செய்யாதது.

ஃபெடோரா 18-ல், 2013 ஜனவரியில், ஆஃப்லைன் அப்டேட் கொண்டுவந்ததும் இதற்காகத்தான். பேக்கேஜ்களை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, ரீபூட்டில் வேறு எதுவும் ஓடாத நிலையில் போட்டு, மறுபடி ரீபூட். விண்டோஸ் மாதிரி ஆக்கிவிட்டார்கள் என்று அப்போது ஒரே கூச்சல். நானும் கத்திய கூட்டத்தில்தான் இருந்தேன். ஆபீஸ் டெஸ்க்டாப்புகளுக்கு இப்போது அதைத்தான் பரிந்துரைக்கிறேன்.

சில்வர்புளூ (ஃபெடோராவின் ஒரு வகை), ஸ்டீம்ஓஎஸ் 3 (ஸ்டீம் டெக் விளையாட்டுக் கருவியின் சிஸ்டம்) எல்லாம் இதன் அடுத்த கட்டம். முழு சிஸ்டமும் புதிய பிம்பமாகப் பக்கத்தில் தயாராகும், ரீபூட்டில் அதற்குத் தாவும், பிடிக்கவில்லையென்றால் பழையதற்குத் தாவலாம். ஸ்டீம் டெக்கில் விளையாடுகிற பையனுக்குத் தான் லினக்ஸ் அப்கிரேடு செய்வதே தெரியாது.


#20 லேப்_வாத்தியார்

சில்வர்புளூவை லேபில் ஒரு மெஷினில் வைத்துப் பார்த்தோம். மாணவர்கள் கம்பைலர், லைப்ரரி என்று தினம் ஒன்று போடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் டூல்பாக்ஸ் கன்டெய்னருக்குள் (சிஸ்டத்திலிருந்து பிரித்த தனிச் சூழலுக்குள்) போ என்றால் முதலாண்டுப் பிள்ளைகள் குழம்புகிறார்கள். ஆடிட்டர் ஆபீஸுக்குச் சரி, கற்றுக்கொள்கிற இடத்துக்கு ஒத்துவரவில்லை. இது எங்கள் அனுபவம் மட்டுமே.


#21 திரைமுனை

கேள்வி கேட்கிற நேரத்துக்கு வருவோம், சேவல்கொடி முதலிலேயே சுட்டிய இடம். என் ஆசை இதுதான்: பேக்கேஜ்கள் இறங்கியதும், ஒரு ஃபைலைக்கூட மாற்றும் முன், எல்லா கன்ஃபிக் கேள்விகளையும் ஒரே திரையில் கேட்டுவிட வேண்டும். பிறகு பயனர் எழுந்து போகலாம். இதற்கு ஏதாவது தடை உண்டா?


#22 பொதிமகள்

பாதி ஏற்கெனவே இருக்கிறது! பேக்கேஜ்கள் டெப்கான்ஃப் (டெபியனில் கேள்வி கேட்பதற்கான அமைப்பு) வழியாகக் கேட்கிற கேள்விகளை (எந்த மெயில் சர்வர் வகை, எந்த டைம்சோன் மாதிரி) ஆப்ட்-யூட்டில்ஸ் போட்டிருந்தால் தொடக்கத்திலேயே கேட்டுவிடும். அந்த "முன்கூட்டியே அமைக்கிறேன்" என்ற வரி திரையில் ஓடுவது அதுதான்.

கன்ஃபிக் ஃபைல் கேள்வி டெப்கான்ஃப் வழியாக வருவதில்லை. டிபிகேஜி தானே கேட்கிறது, அதுவும் பேக்கேஜைப் பிரித்து வைத்த பிறகு, அமைக்கும் கட்டத்தில். அதனால்தான் பாதியில் வருகிறது. கொள்கையளவில் முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம்: பழைய பதிப்பின் கன்ஃபிக் ஃபைல்களுக்கு எம்டி5 தொகை (ஃபைலின் கைரேகை மாதிரியான எண்) டிபிகேஜியிடம் பதிவாகியிருக்கிறது, டிஸ்கில் இருப்பதோடு ஒப்பிட்டால் நீங்கள் மாற்றியது தெரியும், இறங்கிய டெப்பைத் திறந்தால் அவர்கள் மாற்றியது தெரியும். இரண்டும் மாறியிருந்தால்தான் கேள்வியே. ஆனால் சில பேக்கேஜ்கள் யுசிஎஃப் என்ற வேறு கருவியால் ஸ்கிரிப்டுக்குள்ளிருந்து கேட்கின்றன, அவற்றை முன்கூட்டிப் பிடிப்பது கஷ்டம்.

உங்கள் பெரியப்பா மெஷினுக்கு இன்றைக்கே செய்யக்கூடியது: டிபிகேஜிக்கு ஃபோர்ஸ்-கான்ஃப்டெஃப், ஃபோர்ஸ்-கான்ஃபோல்ட் இரண்டையும் ஆப்ட் அமைப்பில் நிரந்தரமாகப் போடுங்கள். டிபிகேஜியே ஒரு இயல்பு பதிலைத் தீர்மானிக்க முடிந்தால் அதை எடுக்கும், முடியாவிட்டால் பழைய ஃபைலை வைத்துக்கொள்ளும். புதியது டிபிகேஜி-டிஸ்ட் என்ற வாலோடு பக்கத்தில் இருக்கும். மாதம் ஒருமுறை நீங்கள் போகும்போது இடிசி அடைவில் (கன்ஃபிக் ஃபைல்கள் இருக்கும் இடம்) அந்த வாலைத் தேடிப் பாருங்கள்.


#23 சேவல்கொடி

அந்த மெஷினுக்குச் சரி. சர்வரில் போட்டுவிடாதீர்கள்.


#24 திரைமுனை

அருமை. முன்கூட்டிக் கேட்கும் யோசனையை விருப்பக் கோரிக்கையாகப் பதிந்தால் என்ன? ரிப்போர்ட்பக்கில் (டெபியனுக்குப் பிழையும் கோரிக்கையும் அனுப்பும் கருவி) எந்தப் பேக்கேஜ் பெயரில் போடுவது, ஆப்ட்டா டிபிகேஜியா?


#25 பொதிமகள்

டிபிகேஜி பெயரில். கேள்வியைக் கேட்பது அதுதான், ஆப்ட் வெறுமனே அதைக் கூப்பிடுகிறது. பதியும் முன் பழைய கோரிக்கைகளைத் தேடுங்கள், கன்ஃபிக் ஃபைல் பற்றி ஏற்கெனவே நிறையக் கிடக்கும். இருந்தால் புதிதாகத் திறக்காமல் அதிலேயே எழுதுங்கள். "கேள்வி எரிச்சலாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எந்த நிலையில் எந்தத் தகவல் கைவசம் இருக்கிறது, எம்டி5 ஒப்பீடு எங்கே நடக்கலாம் என்று மேலே சொன்னதைச் சேர்த்து எழுதுங்கள். பைத்தானில் ஒரு மாதிரி ஸ்கிரிப்டும் இணைத்தால் இன்னும் நல்லது.


#26 லேப்_வாத்தியார்

ஸ்கிரிப்டை எங்கள் இறுதியாண்டு மாணவர்கள் இரண்டு பேர் எழுதத் தயார், கேட்டுவிட்டேன். கேச்சரில் பழைய டெப்புகள் நிறைய இருக்கின்றன, சோதிக்க வசதி. திரைமுனை, கோரிக்கையின் வரைவை இங்கே போடுங்கள். பொதிமகள் ஒருமுறை பார்த்துக் கொடுத்த பிறகு அனுப்பலாம்.


#27 பொதிமகள்

பார்க்கிறேன். யுசிஎஃப் பேக்கேஜ்களை முதல் பதிப்பில் விட்டுவிடச் சொல்லுங்கள் சார், அதற்குள் போனால் பிள்ளைகளுக்கு செமஸ்டரே முடிந்துவிடும்.